இருபத்தெட்டு வெறுஞ்சாடிகள்

என் வாய் நல்ல வாய் இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோபம் வந்தால் சொல் முந்திக்கொண்டு ஓடும், யோசனை பின்னால் மூச்சிரைக்க வந்து சேரும். எண்பதுகளில் இந்த வெள்ளைக்கார நாட்டில், நோர்பரியில் நாங்கள் இருந்த வீட்டின் பின்வளவில், இந்த வாயால் என் ஒரே தம்பியை இழக்கப் பார்த்தேன்.

வீடு சின்னது, பின்வளவு அதைவிடச் சின்னது. நிலம் முழுக்கச் சீமெந்துக் கல் பதித்திருந்தது. மிளகாய், கத்தரி வைக்கலாம் என்றால் வெயில் பன்னிரண்டு மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போய்விடும். இதைப் பற்றி ஆஸ்பத்திரியில், நான் வேலை செய்த பதிவேட்டு அறையில், பக்கத்து மேசைக்காரியிடம் புலம்பினேன். அவள் ஒரு வெள்ளைக்காரி, அதிகம் பேசமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு வா என்றாள்.

அவள் வாசலில் ஒரு கல்தொட்டி இருந்தது. அதற்குள் கற்களும், கற்களுக்கு இடையில் விரல்நகம் அளவு செடிகளும். உயர்ந்த மலைகளில், மாதக்கணக்கில் பனிக்குக் கீழே கிடந்து வளருகிற சாதிகளாம். அதில் ஒன்று பூத்திருந்தது. ஜென்டியன் என்றாள். அப்படி ஒரு நீலத்தை நான் அதற்கு முன் சேலையில்கூடக் கண்டதில்லை. அன்று என் தேநீர் ஆறிப்போனது.

அவள் ஒரு மலைச்செடிச் சங்கத்தில் இருந்தாள். அங்கே ஆளுக்காள் விதை பரிமாறிக்கொள்வார்கள். என்னையும் சேர்த்துவிட்டாள். தை மாதம் தபாலில் நாற்பது சின்னக் காகிதப் பொட்டலங்கள் வந்தன. சிலவற்றில் மிளகுத்தூளைச் சிந்தியது போலக் கொஞ்சம்தான் இருந்தது. இந்த விதைகள் முளைக்க வேண்டுமென்றால் முதலில் விறைக்க வேண்டும். ஆகவே நாற்பது சாடிகளில் மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, விதை தூவி, மேலே குறுணிக்கல் பரப்பி, வளவில் வெயிலே படாத மூலையில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று. பேனை எழுத்து மழையில் போய்விடும், பென்சில்தான் நிற்கும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

"ஸ்நோவுக்குள்ள விதைக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார் என் கணவர்.

சமையலறையிலிருந்து கழற்றிய பழைய பீங்கான் சிங்க்குக்கு நான் சீமெந்து குழைத்துப் பூசிக் கல்தொட்டி மாதிரி ஆக்கியபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. "வெள்ளைப் பீங்கானை ஊத்தையாக்கிறதுக்கு இவ்வளவு பாடோ?" என்று கேட்டார். நாற்றுகள் வளர்ந்ததும் அந்தத் தொட்டியில் நட இருந்தேன்.

பங்குனியில் பன்னிரண்டு சாடிகள் முளைத்தன. இருபத்தெட்டு முளைக்கவில்லை, ஜென்டியனும்தான். பக்கத்து மேசைக்காரியிடம் போய் அழாக்குறையாகச் சொன்னேன். சில விதைகளுக்கு இரண்டு குளிர்காலம் வேண்டும், அவசரப்பட்டுக் கொட்டிவிடாதே என்றாள். பொறுமை எனக்குக் கடையில் வாங்கினாலும் கிடைக்காது. ஆனாலும் அந்த நீலத்துக்காகப் பொறுத்தேன். வெறும் குறுணிக்கல் தெரிகிற இருபத்தெட்டுச் சாடிகளுக்குக் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன்.

அந்த ஆனியில் தம்பி வந்து சேர்ந்தான். ஊரிலிருந்து வெளிக்கிட்டு ஏழு மாதம், எத்தனையோ நாட்டு அறைகளில் அடைந்து கிடந்து வந்தவன். வயது இருபத்தேழு. அகதி விண்ணப்பம் போட்டிருந்தான், முடிவு வரும்வரை வேலை செய்ய அனுமதியில்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போக, அவன் வீட்டில் தனியே இருப்பான். திரும்பி வந்தால் சொட்டிக்கொண்டிருந்த பைப் நின்றிருக்கும், கதவுப்பிடி இறுகியிருக்கும், உடுப்பெல்லாம் மினுக்கி மடித்திருக்கும். சும்மா இருந்து சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது இரண்டாந்தரம் சோறு கேட்கவே மாட்டான். நான்தான் தட்டைப் பார்த்துப் பார்த்துப் போடுவேன்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்தேன். பின்கதவில் நின்று சிரித்தான்.

"அக்கா, கண்ணை மூடிக்கொண்டு வாங்கோ."

மூடிக்கொண்டு போனேன். திறந்தால் வளவு பளிச்சென்று இருந்தது. முளைத்த பன்னிரண்டையும் தொடாமல், மற்ற இருபத்தெட்டுச் சாடிகளையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தான். பெயர்த்துண்டுகளையும் விடவில்லை. தேய்த்துத் தேய்த்து எழுத்தைப் போக்கி, ரப்பர் பட்டி போட்டு ஒரு கட்டாகக் கட்டியிருந்தான். மண் முழுவதும் என் தொட்டிக்குள் கொட்டிக் கிடந்தது.

"எல்லாம் பட்டுப்போய்க் கிடந்தது அக்கா. உங்களுக்கு நேரமில்லையெண்டு நானே துப்புரவாக்கிப்போட்டன். உதுக்குள்ள மிளகாய்க் கண்டு வைக்க ஏலும்."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பது அநேகமாக மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை.

"இஞ்ச இருந்து சோத்தைத் திண்டுபோட்டு நீ செய்யிற உபகாரம் இதுதானோ?"

எங்கள் ஆட்களை அடித்தால்கூட மறப்பார்கள். சாப்பாட்டைச் சொல்லிக்காட்டினால் மறக்கமாட்டார்கள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாதது போலக் கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் போனது. நான் அந்தத் துண்டுக் கட்டைப் பறித்துக் குப்பைவாளிக்குள் எறிந்துவிட்டு உள்ளே போனேன்.

அன்றிரவு பசிக்கவில்லை என்றான். அடுத்த நாள் காலை கையில் பையோடு நின்றான். நகரத்தின் மறுகோடியில், பிளேஸ்டோவில் ஒரு சிநேகிதனின் அறையில் இடமிருக்கிறதாம். என் கணவர் மறித்துப் பார்த்தார். நான் சமையலறையில் கறியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வேண்டாத நேரத்தில் அத்தனை சொல் வருகிற வாயில் அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். கணவரோடு கதைப்பான். "அக்காவிட்டக் குடுக்கட்டோ?" என்று அவர் கேட்டால், தொலைபேசிப் பெட்டிக்கு வெளியே ஆட்கள் காத்து நிற்கிறார்கள் என்று வைத்துவிடுவான்.

"நீர் ஒருக்காப் போய்க் கதைச்சா என்ன குறைஞ்சு போவீர்?" என்று கணவர் என்னைக் கேட்டார்.

"அவன்தானே போனவன். அவன் வரட்டும்."

அப்படித்தான் சொன்னேன். ஆனால் தீபாவளி போய், பொங்கலும் போனபோது எனக்குப் பயம் பிடித்துவிட்டது. விண்ணப்பம் தோற்று அவனைத் திருப்பி அனுப்பினால்? அங்கே அவனுக்கு ஏதும் நடந்தால்? நான் அவனுக்குக் கடைசியாகச் சொன்னது அந்தச் சோற்றுக் கதையாக அல்லவா இருக்கும்? கரண்டியில் சோறு அள்ளும் ஒவ்வொரு தடவையும் இதுதான் நினைவில் வரும். சோறு எனக்கும் இறங்கவில்லை.

தொட்டியை நான் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அதன் மேல் இரண்டு தரம் ஸ்நோ கொட்டி, இறுகி, கரைந்தது.

பங்குனியில் ஒரு நாள் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கிளிப் ஒன்று கை தவறித் தொட்டிக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். மண்ணில் பச்சையாக ஏதோ தெரிந்தது. பாசி என்று நினைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால், இரண்டிரண்டு இலையாக, கடுகில் பாதிகூட இல்லாத நாற்றுகள். கிளிப் விழுந்த இடத்தில் மட்டும் பதினொன்று. முழுக்க எண்ணத் தொடங்கி அறுபதில் விட்டுவிட்டேன். எல்லாம் கலந்து கிடந்தன. அவன் கொட்டிய இடத்திலேயே இரண்டாவது குளிரையும் வாங்கிக்கொண்டு முளைத்திருந்தன.

ஈரச் சீமெந்துக் கல்லில் முழங்காலில் இருந்தபடி சிரித்தேன், அழுதேன். நெஞ்சில் ஆறு மாதம் கிடந்த பாரம் அரைவாசி இறங்கியது. மற்ற அரைவாசி பிளேஸ்டோவில் இருந்தது. கூடைக்குள் கிடந்த உடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கோட்டைப் போட்டேன், கணவர் குறித்து வைத்திருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டேன். விக்டோரியாவுக்கு ரயில், அங்கிருந்து நிலக்கீழ் ரயில். வழி முழுக்க என்ன சொல்வதென்று பாடமாக்கிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தது அவன்தான். மெலிந்திருந்தான். பாடமாக்கியது ஒன்றும் வரவில்லை.

"தம்பி, முளைச்சிட்டுது."

"என்னது?"

"நீ கொட்டின மண்ணுக்குள்ள. எல்லாம் முளைச்சிட்டுது."

அவன் போய்க் கட்டிலில் இருந்துவிட்டான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான்.

"நான் அழிச்சுப்போட்டன் எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான். எந்த முகத்தோட உங்களிட்ட வாறது?"

கோபத்தில்தான் வராமல் இருக்கிறான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் எழுந்து யன்னலடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். அதே ரப்பர் பட்டி, அதே துண்டுக் கட்டு. குப்பைவாளிக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கூடவே ஒரு கொப்பி. அதில் வாயில் நுழையாத லத்தீன் பெயர்கள், பெரிய எழுத்தில், இலக்கம் போட்டு, பத்தொன்பது.

"பென்சில் அழுத்தின தடம் இருக்கு அக்கா. வெளிச்சத்துக்குச் சரிச்சுப் பிடிச்சாத் தெரியும். மிச்சம் ஒன்பதும் ஏலாமப் போச்சு. உங்கட கையெழுத்தும் அப்பிடி."

"அண்டைக்குச் சோத்தைப் பற்றிச் சொன்னன்..."

"அதை விடுங்கோ."

"விட ஏலாது. அது பிழை, தம்பி. பெரிய பிழை."

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். ரப்பர் பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்றான்.

அந்தக் கொப்பியால் ஒரு பயனும் இருக்கவில்லை. கலந்து முளைத்த நாற்றுகளில் எது எந்தப் பெயர் என்று யாருக்குத் தெரியும்? பூத்துக் காட்டும்வரை பார்த்திருக்க வேண்டியதுதான். நீலம் பூக்க இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. அவனுக்கு இங்கே இருக்கலாம் என்று கடிதம் வரவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் பிடித்தது. கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்த ஞாயிறு வந்தான். அரைமணி நேரம் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, மூச்சுப் பட்டாலும் ஏதும் ஆகிவிடும் என்பது போலப் பார்த்தான். பிறகு கை கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தான். நண்டுக்குழம்பு வைத்திருந்தேன். முதல் தரம் நான் போட்டேன். சாப்பிட்டு முடித்தான். தட்டு வெறுமையாக இருந்தது. எனக்குக் கரண்டியைத் தூக்கப் பயமாக இருந்தது. போட்டாலும் குத்தும், போடாவிட்டாலும் குத்தும். கணவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

தம்பி தட்டை என் பக்கம் தள்ளினான்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ."

நான் கரண்டியை வைத்துவிட்டுப் பானையையே தூக்கிக்கொண்டு வந்தேன்.