நாற்காலியில் உட்கார்ந்தவர் சொன்ன பதில்

வல்லத்தில் டெய்சி கணக்கெடுத்த பன்னிரண்டு வீடுகளில் பதினொன்று கணினித் திரையில் சந்தேகத்துக்குரியவை என்று சிவப்பாக நின்றன.

"பன்னெண்டு வீட்ல பதினோரு பொம்பளைங்க வேலை செய்றாங்கன்னு போட்டிருக்க. போன தடவ இதே ஊர்ல மூணுதான். நடுவுல இன்னா, ஃபேக்டரி தொறந்துட்டாங்களா?" என்றார் மேற்பார்வையாளர் பாலமுரளி. செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்த அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"தொறக்கல சார். போன தடவ ஆம்பளைங்கள கேட்டாங்க. நான் பொம்பளைங்களையே கேட்டேன்."

பாலமுரளி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்குள் நடக்கும் உழைப்பு எந்த நாட்டுக் கணக்கிலும் சரியாக ஏறுவதில்லை என்பதால், மூன்று நாடுகள் சேர்ந்து ஒரே கேள்வித்தாளைத் தத்தம் கிராமங்களில் சோதித்துக்கொண்டிருந்தன. அந்தத் திட்டத்தில் டெய்சிக்கு ஆறு மாத ஒப்பந்தம். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா ஸ்டீபன், செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார்.

டேப்லெட்டோடு எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். வீட்டுக்காரர் அதில் உட்காருவார். "அவளா? வீட்லதான் சும்மா இருக்கா" என்பார். அந்த அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இரண்டு நாள் இதைப் பார்த்த டெய்சி, மூன்றாம் நாளிலிருந்து ஆண்கள் வெளியே போன பிறகே வீடுகளுக்குப் போனாள். தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

மீனம்பாள் வீட்டில் உட்கார்ந்தது வேர்க்கடலைக் குவியலுக்குப் பக்கத்தில். விதைக் கடலையை மெஷினில் போட முடியாது. தோல் கிழிந்தால் முளைக்காது. அதனால் தரகர் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூட்டை இறக்கிவிட்டுப் போவார், பெண்கள் கையாலேயே உடைத்துக் கொடுப்பார்கள். மீனம்பாளும் முதலில் "சும்மாதாம்மா இருக்கேன்" என்றுதான் சொன்னாள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கடலையை உடைத்துக்கொண்டே. காலையில் எழுந்ததிலிருந்து டெய்சி ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தபோது கடலைக்கு மட்டும் ஐந்து மணி நேரம் வந்தது.

"எம்மாடி, இத்தினியா செய்றேன் நானு!" என்று மீனம்பாள் சிரித்தாள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது டெய்சிக்குச் சந்தேகம் வந்தது. அவள் சொன்னதை எழுதினேனா, நான் எழுத நினைத்ததை அவளைச் சொல்ல வைத்தேனா? மறுநாள் மறுபடியும் போனாள். கூட உட்கார்ந்து கடலை உடைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணி நேரம், பத்து நிமிடம். கட்டைவிரல் வீங்கியது.

"திங்கக்கெழம வெளிநாட்டு ஆபீசர் வராங்க. அதுக்குள்ள நாலு வீட்ட உட்டுட்டு மத்தத வேலை இல்லன்னு மாத்திடு. உன் ஆர்டர் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்குதுல்ல?" என்றார் பாலமுரளி, திரையில் இருந்த சிவப்பைக் காட்டி.

"மாத்தணும்னா நீங்களே மாத்துங்க சார். உங்க பேருல."

வீட்டில் நைனாவிடம் சொன்னாள். "மாத்திட்டுப் போயேம்மா. மூட்ட தூக்குறவன் உள்ள இன்னா இருக்குதுன்னு பிரிச்சா பாக்குறான்?" என்றார்.

"நான் மூட்ட தூக்கல நைனா."

அவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனார். டெய்சி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இது நேர்மையா, படித்த திமிரா? அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் எண்ணை மாற்றுவதற்கு அது ஒரு காரணமாகவும் தோன்றவில்லை.

திங்கள் காலை, சிவப்பான வீடுகளைச் சரிபார்க்க வந்த வெள்ளைக் கார் மீனம்பாள் வீட்டு முன் நின்றது. கானா நாட்டுப் புள்ளிவிவரத் துறையிலிருந்து வந்த அக்கோசுவா என்ற பெண் அதிகாரி இறங்கினார், பின்னால் பாலமுரளி, கடைசியில் டெய்சி. காரைப் பார்த்ததும் மீனம்பாள் மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு பழைய புடவையைப் போட்டு மூடினாள். வேலை செய்கிறாள் என்று தெரிந்தால் அரசாங்கத்திடமிருந்து மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாயை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தாள். அவள் புருஷன் பச்சமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இவங்க எதுனா வேலை செய்றாங்களா?" என்று அக்கோசுவாவின் கேள்வியைப் பாலமுரளி தமிழில் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். வீட்லதான் இருக்குது."

மீனம்பாளும் தலையாட்டினாள். டெய்சியைப் பார்க்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் புடவை புடைத்துக்கொண்டிருந்தது. வாசல்படியில் நாலைந்து கடலைத் தோல் கிடந்தது. பாலமுரளி டெய்சியின் காதருகே குனிந்து, "இப்ப இன்னா சொல்ற?" என்றார். எட்டிப் புடவையை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அவள் எழுதியது உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் சொல்வது யாருக்கும் போகாது என்று இதே வீட்டில் உட்கார்ந்து கேள்வித்தாளிலிருந்து வாசித்துக் காட்டியவளும் அவள்தான். டெய்சி புடவைப் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும், "நீ எழுதியது தப்பா?" என்று அக்கோசுவா ஆங்கிலத்தில் கேட்டார். பாலமுரளி வாயைத் திறப்பதற்குள் டெய்சி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முந்திக்கொண்டாள்.

"தப்பில்லை மேடம். அன்று என்ன பார்த்தேன் என்று இங்கே சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"இன்று நான் கேட்டதைத்தான் நான் எழுத முடியும். வேலை இல்லை என்றுதான் எழுதுவேன்" என்றார் அக்கோசுவா.

"எழுதுங்கள். கூடவே யார் பதில் சொன்னார், யார் நாற்காலியில் இருந்தார், நாம் எதில் வந்து இறங்கினோம், அதையும் எழுதுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதுவதும் பாதிக் கணக்குதான்."

அக்கோசுவா காரின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினார். முதல் வரி, வேலை இல்லை என்ற மறுப்பு. அதன் கீழே, டெய்சி எழுதச் சொன்னவை, ஐந்து வரி. "எங்கள் ஊரிலும் கணவர்தான் முதலில் வந்து உட்காருவார்" என்று மட்டும் சொன்னார்.

பதினோரு வீடுகளும் சிவப்பாகவே இருந்தன. மாலை, அறையில், குறிப்புக் கட்டத்தில் "முதல் பதிலை மாற்ற மறுக்கிறேன்" என்று எழுதித் தன் பெயரைப் போட்டு டெய்சி அனுப்பினாள்.

"நாளையிலேர்ந்து வராத" என்றார் பாலமுரளி.

"எழுதிக் குடுங்க சார். எண்ணை மாத்தாததால நிறுத்துறோம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வாங்கிக்கிறேன்."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார்.

டெய்சி டேப்லெட்டைப் பையில் வைத்தாள். இந்த மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பட்டியலில் அடுத்த ஊர் தளவானூர்.

"காலைல தளவானூருக்கு மொத பஸ் எத்தினி மணிக்கு சார்?" என்று அவரிடமே கேட்டாள்.