பின்னாளிலும் திறக்கக் கூடாத ஓட்டு

மண்ணரையில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் தொழிலாளர் குழுவுக்குத் தேர்தல் வைத்தார்கள். அதற்கான மென்பொருளை எழுதுவது என் பொறுப்பு. மூன்று விதிகள் குறித்துக்கொண்டேன்: ஒருவருக்கு ஒரு ஓட்டு, அது எண்ணப்பட்டதா என்று போட்டவரே சரிபார்க்கலாம், யாருக்குப் போட்டார் என்பது வேறு எவருக்கும் தெரியாது.

முதல் வடிவத்தில், ஒவ்வொரு தொழிலாளியின் டோக்கன் எண்ணுக்கும் எதிரே அவருடைய ஓட்டைச் சங்கேதமாகப் பூட்டி கேன்டீன் திரையில் காட்டினேன். ஒத்திகையன்று, ஓவர்லாக் மிஷினில் தைக்கும் தூத்துக்குடி அக்கா அதன்முன் நின்றார். அவருடைய சூப்பர்வைசரின் மச்சானும் தேர்தலில் நின்றார். அந்த மச்சானுக்குப் போடும் எண்ணம் அக்காவுக்கு இல்லை.

"இதுவும் பண்டல் ஸ்டிக்கர் மாதிரிதானம்மா?"

எங்கள் ஊரில் துணிக்கட்டு ஒவ்வொன்றுக்கும் ஸ்டிக்கர் உண்டு. கப்பலேறிப் போன பனியனில் தையல் விட்டாலும் தைத்தவரைப் பிடித்துவிடலாம்.

"இதைத் தொறக்க முடியாதுக்கா."

"இன்னைக்கா, என்னைக்குமா?"

"இன்னைக்கு."

"நல்லா பூட்டுன, போ! நானும் எம் புருசனும் அந்த சூப்பர்வைசரு லைன்லதான் ஒக்காந்திருக்கோம்."

அந்தக் கேள்வி என் குறிப்பிலும் இருந்தது, கடைசி வரியில், 'பிறகு பார்க்கலாம்' என்று. சங்கேதங்கள் என்றாவது உடையும். திரையைப் போனில் படம் பிடித்தவர் அதுவரை காத்திருந்தால் போதும்.

முறையையே மாற்றினேன். இப்போது திரையில் தெரியும் எண்ணுக்குள் எந்த ஓட்டும் இருந்திருக்கலாம். எவ்வளவு வலிய கணினி வந்தாலும் பிரித்துச் சொல்ல வழியில்லை. அதைத் திறக்கும் மறுபாதி, ஓட்டுகளை எண்ணும் கணினியில் மட்டும் இருக்கும். முடிவுக்கான சான்றை வெளியிட்டதும் அதை அழித்துவிட வேண்டும்.

தேர்தல் நடந்தது. அக்கா ஓட்டுப் போட்டார், தன் எண்ணையும் திரையில் பார்த்துக்கொண்டார். எண்ணி முடித்துச் சான்றை வெளியிட்டபோது மேனேஜர் பெண்டிரைவை நீட்டினார்.

"ஏனுங்க கண்ணு, பேக்கப் எடுத்துட்டீங்களா?"

"இல்லீங்க சார். அழிக்கப் போறனுங்க."

"வெளிநாட்டு பையர் ஆடிட்ல வந்து கேட்டா? பாத்ரூம் கழுவுன சார்ட்டைக்கூட எடுத்து வெச்சிருக்கறமுங்க!"

"முடிவு சரிங்கறதுக்கு ஆதாரம் இருக்குதுங்க. யார் யாருக்குப் போட்டாங்கங்கறதுதான் இருக்காதுங்க."

"இருந்தா என்னங்க, நாம பாக்கவா போறோம்?"

அழித்தேன். அவர் பெண்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மச்சான் தோற்றுவிட்டார். கீழே தையல் தளத்தில் சூப்பர்வைசரின் குரல் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது: "எவ கவுத்தான்னு கண்டுபிடிக்காம உட மாட்டன்!"

நான் கதவைச் சாத்திவிட்டு, வேறெங்காவது நகல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கணினியை மறுபடியும் முதலிலிருந்து தேடத் தொடங்கினேன்.