அப்பாவுக்கு எடுத்த புத்தகம்

புனிதன் வீட்டில் யாரும் தனக்கென்று புத்தகம் எடுத்துக்கொள்ள முடியாது. அது அந்த வீட்டுச் சட்டம். மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நூலகத்துக்குக் கிளம்பும்போது, காரிலேயே பழைய பிஸ்கட் டின்னை வைத்துச் சீட்டுக் குலுக்குவார்கள். நாலு சீட்டு, நாலு பேர். அப்பா புனிதன், அம்மா பிரேமலா, பெரியவள் ஷாமளா, சின்னவள் கண்மணி. யார் பெயர் கைக்கு வருகிறதோ அவருக்குத்தான் புத்தகம் தேட வேண்டும். எடுத்ததை யாருக்கும் காட்டாமல் செய்தித்தாளில் சுற்றி, மேலே பெயர் எழுதிவிட வேண்டும். ஞாயிறு சாயங்காலம் தேநீரோடு உட்கார்ந்து நாலு பேரும் ஒன்றாகப் பிரிப்பார்கள். வந்தது எதுவானாலும் கடைசிப் பக்கம் வரை படித்தே ஆக வேண்டும். பிடிக்கவில்லை, புரியவில்லை, எழுத்து பொடிசாக இருக்கிறது என்ற சாக்கெல்லாம் அங்கே செல்லாது.

புனிதனுக்கு ஐம்பத்தொரு வயது. பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி. குலை ஏற்றிய லோரிகள் ஒவ்வொன்றாக மேடையேறும். இவன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பான். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு நின்றவன். பள்ளிக்கூடம்தான் நின்றது, படிப்பு நிற்கவில்லை. இரண்டு லோரிகளுக்கு நடுவில் கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் இரண்டு பக்கம் படித்துவிடுவான். பிரேமலா தடிக்கா எனும் பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். அவளுக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. பெற்றவர்கள் இப்படியிருந்தால் பிள்ளைகள் வேறெப்படி இருக்கும்?

நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் என்று பார்த்தால் இரண்டே அலமாரிதான். அதற்காக விட்டுவிடுவார்களா? கதை சொல்லும் நாள், புதிர்ப்போட்டி, வாசிப்பு வாரம், எதை நடத்தினாலும் முதல் வரிசையில் இந்த நாலு பேரும் இருப்பார்கள். ஒரு வருஷம் வாசிக்கும் குடும்பம் என்று ஒரு கோப்பையும் வாங்கினார்கள். அது தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே நிற்கிறது. நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லாம் மூடிக் கிடந்தபோது, நூலகத்தில் வேலை செய்யும் கங்கா கைப்பேசி வழியே இயங்கலையில் மாதாந்திரப் புத்தகச் சந்திப்பு ஒன்றைத் தொடங்கினாள். மாதத்தின் முதல் ஞாயிறு இரவு எட்டு மணி. கலும்பாங்கிலிருந்து ரவாங் வரை முப்பது பேர் சேருவார்கள். படித்த புத்தகத்தைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேச வேண்டும்.

சீனி டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து நாலு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். புனிதன் தொண்டையைக் கனைத்து, வணக்கம் சொல்லி, ஆசிரியரைப் புகழ்ந்து, இரண்டு நிமிஷம் வெளுத்து வாங்குவான். ஒலிவாங்கி மூடியே இருக்கும். ஒவ்வொரு மாதமும் இதே கூத்துதான். ஷாமளா எட்டி ஒரு விரலால் அழுத்துவாள். பிறகு இவன், கேக்குதா, கேக்குதா என்று மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பிப்பான். முப்பது பேரும் அதற்காகவே காத்திருப்பார்கள்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். புனிதனுக்கு ஆடு என்றால் பயம். ஏழு வயதில் தோட்டத்துக் கங்காணி மண்டோர் வீட்டுக் கிடா ஒன்று அவனைக் கோயிலைச் சுற்றித் துரத்தி, லயமே பார்க்கச் சாக்கடையில் முட்டித் தள்ளிவிட்டது. இன்றைக்கும் சாலையில் ஆடு நின்றால் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். பின்சீட்டிலிருந்து பிள்ளைகள் இரண்டும் "ம்மே" என்று கத்தும். இவனுக்குக் கோபம் வருவதுபோல் இருக்கும், வராது.

அந்தச் சனிக்கிழமை ஷாமளாவுக்கு அப்பாவின் சீட்டு வந்தது. அதற்கு முந்தின முறை, நல்லதுக்குத்தானே என்று இவன் அவளுக்கு நானூறு பக்கத்தில் ஓர் அறிவுரைப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் படித்தாள். தூக்கம் வராதவர்களுக்கு அருமையான மருந்து என்று சந்திப்பில் முகம் மாறாமல் பேசினாள். கங்காவே சிரிப்பை அடக்க முடியாமல் திரையை அணைத்துவிட்டாள். இதற்குப் பழி வாங்காமல் விடமாட்டேன் என்று வீட்டில் சபதம் வேறு. இருபது வயதுப் பெண், ரவாங்கில் கணக்கியல் படிக்கிறாள், சபதம் மட்டும் எட்டு வயதுப் பிள்ளை மாதிரி. அன்றைக்குச் சுற்றிய பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அப்பா, ஓடக்கூடாது. அஞ்சு நிமிசம் பேசியே ஆகணும் லா," என்றாள்.

ஞாயிறு காலையில் அவளுக்குக் காய்ச்சல். சாயங்காலம் பொட்டலங்களைப் பிரிக்கலாமா என்று கண்மணி கேட்டபோது, படுக்கையிலிருந்தே வேண்டாம் என்று கையாட்டினாள். "நான் எழுந்ததும் பிரிக்கலாம். நான் இல்லாம பிரிச்சிராதீங்கப்பா. உங்க மூஞ்சிய நான் பாக்கணும்."

புதன்கிழமை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கொசுவால் வந்த டிங்கிக் காய்ச்சல் என்றார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விட்டாள்.

என்ன சொல்வது? ஐந்தே நாள். வளர்த்தது இருபது வருஷம். புனிதன் அழுத அழுகையைப் பார்த்து ஆலையிலிருந்து வந்த லோரிக்காரர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிரேமலா அழவே இல்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி அப்போது யாரும் அவ்வளவாக யோசிக்கவில்லை, புனிதனும் யோசிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மற்ற மூன்று பொட்டலங்களையும் கண்மணி கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள். அப்பா என்று எழுதிய பொட்டலத்தை மட்டும் புனிதன் விடவில்லை. பிரிக்கவும் இல்லை. அவள் பார்க்க வேண்டும் என்று சொன்ன முகத்தை அவள் இல்லாமல் யாருக்குக் காட்டுவது? தன் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தான். பிரித்துவிட்டால் அவள் கொடுக்க இனி எதுவும் மிச்சமில்லை என்று அவன் மனத்துக்குள் ஓர் எண்ணம். ஒருநாள் துணி மடித்து வைக்க வந்த பிரேமலா அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்து, மேலே எழுதியிருந்த எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புனிதன் வெடுக்கென்று பிடுங்கிவிட்டான். அது தனக்கு எடுத்தது, யாரும் தொட வேண்டாம் என்றான். இருபத்து மூன்று வருஷத் தாம்பத்தியத்தில் அந்தக் குரலில் அவளிடம் பேசியதே கிடையாது. பிறகு அவள் அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை.

புத்தகம் ஷாமளாவின் அட்டையில் இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அக்காவின் கைப்பேசியை எடுத்து, நூலகப் பக்கத்தில் நுழைந்து, கண்மணிதான் தவணையை நீட்டிப்பாள். புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிடாதே என்று அப்பாவின் உத்தரவு. பாவம், பதினைந்து வயதுப் பிள்ளை. உள்ளே என்ன புத்தகம் என்று அவளுக்குத் தெரியும், சொல்லவும் முடியாது. சில நாள் பொத்தானை அழுத்திவிட்டு நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். முதல் ஞாயிறுகளில் கங்கா வழக்கம்போல் கைப்பேசிக்குப் புலனத்தில் சந்திப்புச் சுட்டியை அனுப்பினாள். இவர்கள் யாரும் நுழையவில்லை. சீனி டப்பா சமையற்கட்டிலேயே இருந்தது.

இப்படியே ஐந்து மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை ஷாமளாவின் கைப்பேசிக்கு நூலகத்திலிருந்து செய்தி வந்தது. அன்புள்ள ஷாமளா என்றுதான் ஆரம்பித்தது. அவள் எடுத்த புத்தகத்தை வேறொரு வாசகர் முன்பதிவு செய்திருக்கிறார், இனி நீட்டிக்க முடியாது, சனிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். கண்மணி அதைப் படித்துக் காட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புனிதனுக்கு வந்ததே கோபம். ஊரில் வேறு புத்தகமே இல்லையா? எந்தப் புண்ணியவானுக்கு இதே புத்தகம் கேட்டது? அப்படி என்ன தலைபோகிற அவசரம்? புத்தகம் காணாமல் போய்விட்டது என்று கங்காவிடம் சொல்லிவிடப் போகிறேன், யார் கேட்கிறார்கள் பார்க்கலாம் என்று கத்தினான். ஒரு வாழ்நாளில் நூலகப் புத்தகத்தின் ஒரு மூலையைக்கூட மடித்திராதவன் பேசுகிற பேச்சா அது? அரிசி களைந்துகொண்டிருந்த பிரேமலா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"அவ உங்களுக்குப் படிக்கக் குடுத்தா. பூட்டி வைக்கக் குடுக்கல," என்றாள். திரும்பிப் போய் உலை வைத்தாள்.

மறுநாள் அவன் பொட்டலத்தை வேலைக்கு எடுத்துப் போனான். பத்து மணிக்கு லோரி வரத்து கொஞ்சம் ஓய்ந்தது. கூண்டுக்குள் உட்கார்ந்து, தாள் கிழியாமல், ஒட்டியிருந்த நாடாவை நகத்தால் மெல்ல மெல்லக் கிளப்பிப் பிரித்தான். வெள்ளாடு வளர்ப்பு பற்றிய புத்தகம். அட்டை முழுக்கக் கொம்பும் தாடியுமாக ஒரு கிடா அவனையே முறைத்துக்கொண்டிருந்தது.

புனிதன் சிரித்தான். ஐந்து மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தான். அடிப்பாவி, அடிப்பாவி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை, எங்கே அழுகையாக மாறியது என்று அவனுக்கே தெரியவில்லை. மேடையேறி நின்ற லோரிக்காரன் ஐயாவு, வெகுநேரம் சீட்டு வராததைப் பார்த்து லோரியிலிருந்து இறங்கி வந்தான். மேசையில் புத்தகத்தைப் பார்த்தான்.

"என்னா கிராணி, ஆடு வாங்கப் போறீங்களா?"

"எம் மக எடுத்துக் குடுத்தது," என்றான் புனிதன்.

சாவுக்கு வந்திருந்தவன்தான் ஐயாவு. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். பின்னால் மூன்று லோரிகள் ஹாரன் அடித்தன. அவன் எழுந்து போய் அவர்களைத் திட்டிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தான்.

முதலில் ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்தான் புனிதன். ஒரு துண்டுச் சீட்டு, ஒரு கோடு, ஒரு கிறுக்கல், ஏதாவது வைத்திருக்க மாட்டாளா? ஒன்றுமில்லை. அவள் என்ன போகப் போகிறோம் என்று தெரிந்தா எடுத்தாள்? விளையாட்டுக்கு எடுத்தது. பிறகு சட்டப்படி முதல் பக்கத்திலிருந்து படித்தான். கொட்டகை எந்தத் திசையில் இருக்க வேண்டும், குடற்புழுவுக்கு என்ன மருந்து, குட்டிக்கு எத்தனை வேளை பால், எல்லாம் படித்தான். இத்தனை சலிப்பான புத்தகத்தை அவன் அதுவரை படித்ததில்லை. ஒரு வரியையும் தாண்டவில்லை. தொண்ணூற்றாறாம் பக்கத்தில், புது ஆட்டுக்கு நேர் எதிரே போய் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் போய்ப் புறங்கையை முகரவிட வேண்டும் என்று இருந்தது. இதை உடனே ஷாமளாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக் கைப்பேசியை எடுத்துவிட்டான். எடுத்த பிறகுதான் உறைத்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை முடித்தபோது, ஐந்து நிமிஷம் என்ன, அரை மணி நேரம் பேசுகிற அளவுக்கு அவனிடம் விஷயம் இருந்தது.

சனிக்கிழமை மூன்று பேரும் போனார்கள். பிஸ்கட் டின் காரின் முன்தட்டிலேயே இருந்தது. உள்ளே நாலு சீட்டும் இருக்கும். யாரும் அதைத் தொடவில்லை. நூலகத்தில் கங்கா இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். புனிதன் புத்தகத்தை மேசையில் வைத்தான். வைத்தான், கையை எடுக்க முடியவில்லை. கடைசியில் கண்மணிதான் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல நகர்த்தினாள். கருவி ஒருமுறை ஒலி எழுப்பியது. ஷாமளாவின் பெயரில் இனிப் புத்தகம் எதுவும் இல்லை.

முன்பதிவு செய்தவர் எப்போது வருவார் என்று புனிதன் கேட்டான். யாரென்று தெரிந்தால், அந்தத் தொண்ணூற்றாறாம் பக்கத்தைப் பற்றியாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கங்கா அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

பிரேமலா கைப்பையைத் திறந்து தன் நூலக அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

புனிதன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கண்மணி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அம்மாவிடம் புத்தகத்தின் பெயரைச் சொன்னது அவள்தான் என்று அதிலேயே தெரிந்தது.

"என்ன புத்தகம்னு தெரியும்," என்றாள் பிரேமலா. "ஆட்டப் பத்தியா இருந்தா என்ன? அவ கடைசியா தேடி எடுத்தது. நீங்களும் பிரிக்கல, என்னையும் தொட விடல." அட்டையைக் கங்கா பக்கம் நகர்த்தினாள். "அன்னிக்கு அவளுக்கு உங்க சீட்டு வந்துச்சு. என் சீட்டு வரல. எனக்கு அவ எதுவும் எடுத்து வைக்காம போயிட்டா."

சாவு வீட்டில் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் அழுதாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து மாதமாகத் தன் கையிலாவது ஒன்று இருந்தது, இவள் வெறுங்கையோடு அதே வீட்டில் துணி மடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று புனிதனுக்கு உறைத்தது. அவள் கையிலிருந்து பிடுங்கியதும் நினைவுக்கு வந்தது.

கங்கா புத்தகத்தைப் பிரேமலாவின் பெயரில் பதிந்து மேசைமேல் நகர்த்தி வைத்தாள். புனிதன் அதை எடுத்துக்கொண்டான். சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்த அந்தச் செய்தித்தாளை வெளியே எடுத்து மேசைமேல் விரித்தான். மூலைகளில் ஷாமளா போட்ட மடிப்புகள் அப்படியே இருந்தன. அவன் புதிதாக எதையும் மடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மடிப்புகளின் மேலேயே கையை ஓட்டிச் சுற்றினான். கங்கா ஒட்டும் நாடாவும் பேனாவும் கொடுத்தாள். அப்பா என்று மகள் எழுதியிருந்ததற்குக் கீழே அம்மா என்று எழுதி, பிரேமலாவின் கையில் கொடுத்தான்.

அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். நாளைக்குச் சாயங்காலம் பிரிக்கலாம் என்றாள்.