திங்கட்கிழமைக் காய்ச்சல்

அவளுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். பாத்திரம் நசுங்கும், கதவு அதிரும். லேத் மெஷின் முன்னால் மட்டும் அந்தக் கை பிசகியதே இல்லை. அவள் கடைந்த இரும்புத் தண்டில் தலைமுடி கனத்துக்குக்கூடக் குறை சொல்ல முடியாது. அந்தப் பட்டறையில் லேத் ஓட்டிய ஒரே பெண் அவள்தான். அந்த இடத்துக்கு வர அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மெஷின் சூடேறாமலிருக்க, எண்ணெயும் தண்ணீரும் கலந்த பால்போன்ற கூலண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். சுழலும் இரும்பில் பட்டு மூடுபனியாகத் தெறிக்கும். ஞாயிறு முழுக்கத் தொட்டியில் தேங்கியது, திங்கள் காலை அழுகிய முட்டையாய் நாறும். தொட்டியைக் கழுவச் சொன்னால் ஃபோர்மேன் புது எண்ணெயை மேலே ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போய்விடுவார்.

போன வருடம் இருமல் பிடித்தது. திங்களன்று வேலை முடிந்து வீடு வந்தால் உடம்பு உதறும், காய்ச்சல் கொதிக்கும், நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்தது போலிருக்கும். லீவு நாளில் அத்தனையும் வடிந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை நல்லாத் தூங்குறவங்களுக்கு வர்ற வியாதிம்மா இது" என்றார் ஃபோர்மேன். "சம்பளத்துல கை வெச்சா குணமாயிடும்." பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் 'திங்கள்'.

அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாய்த் தைத்துவிட்டது. எப்போது அதிகமாக இருக்கிறது என்று டாக்டர்கள் கேட்டபோதெல்லாம் "எப்பவும்தான்" என்றாள். வேலைக்கு டிமிக்கி கொடுப்பவள் என்று இன்னொரு வாயால் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. ஒருவர் ஆஸ்துமா என்று வாயில் வைத்து இழுக்கும் பம்ப் கொடுத்தார். இன்னொருவர் காசநோயோ என்று சளியைச் சோதித்தார். சளியில் ஒன்றுமில்லை, ஆனாலும் வீட்டில் நாத்தனார் அவள் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள்.

ஒருநாள் சொந்த வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. லாரி ஓட்டும் கணவன் வெளியூரில். நாத்தனார்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே நுரையீரல் டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இவளும் வழக்கமான பதிலைச் சொன்னாள்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி கோச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, நான் சொல்லிடறேன் டாக்டர். ஒரு வாரம் வெளியூர் போனோம், இருமல் போன இடம் தெரியல. வேலைக்குத் திரும்பின அன்னிக்கே படுக்கை. எனக்கென்னமோ..."

"என்ன எனக்கென்னமோ? நடிக்கிறேன்னு சொல்லேன்! ஏன் முழுங்குறே?" கத்தியவளுக்கு மூச்சு முட்டியது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க நாத்தனார் குத்தம் சொல்றதா நெனச்சுச் சொல்றாங்க. எனக்கு இதுதான் தெரிய வேண்டியிருந்தது. வேலையில மூச்சோட என்னம்மா உள்ள போகுது?"

அவள் தொட்டியையும் நாற்றத்தையும் முகத்தில் தெறிக்கும் பனியையும் சொன்னாள். ஸ்கேன் எடுத்தார்கள். ஊதச் சொன்னார்கள். குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி, அந்த நீரையும் சோதித்தார்கள்.

"அந்தத் தொட்டியில வளர்ற கிருமியை உங்க நுரையீரல் பகையாளியா நெனச்சுச் சண்டை போடுது. சண்டையில வீங்குறது நுரையீரல்தான். அபூர்வமா வர்றது; ஆஸ்துமா மாதிரியும் காசநோய் மாதிரியும் வேஷம் போடும். ஸ்டீராய்டு மாத்திரை வீக்கத்தை வாங்கிடும். ஆனா அந்தப் பனியிலயே நின்னுக்கிட்டு மாத்திரை சாப்பிடுறது, ஒரு கையால விசிறிக்கிட்டே இன்னொரு கையால நெருப்பை அணைக்கிற கதை. தழும்பு விழுந்த இடம் இனி திரும்பாது. மீதியைக் காப்பாத்தலாம்."

மீதி. அந்தச் சொல்தான் வழியெல்லாம் அவளைச் சுட்டது.

"அண்ணி..." என்றாள் நாத்தனார், பஸ்ஸில்.

"பேசாதே. உன் வாயாலதான் நான் பொழைச்சேன்னு இனி தெருத்தெருவாச் சொல்லிக்கிட்டு அலைவே. அதுக்கு நான் செத்தே போயிருக்கலாம்."

சில வாரங்களில் மூச்சுத் திணறல் குறைந்து வந்தது. மாத்திரையில் முகம் உப்பியது. கணக்கை முடிக்கப் பட்டறைக்குப் போனாள், வாசலைத் தாண்டவில்லை. முதலாளியும் ஃபோர்மேனும் வெளியே வந்தார்கள்.

"அடடே, திங்கள்! ஓய்வு நல்லா ஒத்துக்குது போல. முகம் பூரிச்சிருக்கே?" என்றார் ஃபோர்மேன்.

"மருந்து வீக்கம் இது. உங்க தொட்டி குடுத்த சீதனம்."

முதலாளி குறுக்கே வந்தார். "எதுக்கும்மா சண்டை? பேக்கிங்ல உட்காரு. லேசான வேலை."

"அதுவும் இதே கூரைக்குக் கீழதானே? தொட்டியைக் கழுவுங்க. பனியை வெளிய இழுக்க ஃபேன் போடுங்க."

"ஒருத்திக்கு வந்ததுக்கா இவ்வளவும்?"

அப்போது அவளுக்கு அடுத்த லேத்தில் நிற்பவர் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். 'திங்கள்' என்று பெயர் விழுந்த அன்று அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். ஒருமுறை இருமினார். பிறகு தணிந்த குரலில், "தங்கச்சி, உன்னைப் பார்த்த டாக்டர் எங்க உட்கார்றாரு?" என்றார்.

"உள்ள போய்யா!" என்றார் ஃபோர்மேன்.

அவள் மெல்லச் சொல்லவில்லை. இருக்கிற நுரையீரல் முழுக்கக் காற்றை இழுத்து, எந்த பஸ், எந்த மாடி, எந்தக் கிழமை என்று கடைசி லேத் வரை கேட்கும்படி கத்தினாள். உள்ளே ஒரு மெஷின் நின்றது. பிறகு இன்னொன்று.

"அவர்கிட்ட லீவு நாள்ல நல்லாயிடுதுன்னு மறக்காம சொல்லுங்க!" என்றாள். "என்னை மாதிரி வெட்கப்பட்டுக்கிட்டு மறைக்காதீங்க!"