பொடி போடாத நீல விளக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் குமார் சார் என் கையில் இரண்டு டப்பாக்களைக் கொடுத்தார். ஒன்றில் மஞ்சள் பொடி, மற்றதில் ஆரஞ்சுப் பொடி. கடையில் மிளகாய்த்தூள் வாங்கினால்கூட மோந்து பார்த்துத்தான் வாங்குவேன். அதே பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனேன். அவர் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். "மொதல்ல மாஸ்க்கு போடுமா. இது கொழம்புப் பொடி இல்ல, பாஸ்பர்" என்றார்.

எல்இடி பல்ப்புக்குள் புள்ளி புள்ளியாக எரிகிறதே, அந்தப் புள்ளிகளைச் செய்கிற சின்னக் கம்பெனி அது. கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும். அது தெரியாமல் தியாகதுருகத்தில் பஸ் ஏற முடியுமா? தராசில் எண்ணைப் பார்த்துப் பொடியை நிறுத்துக் கலப்பது என் வேலை. இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள் ஸ்டெல்லாதான் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

புதிதாக வருகிற பெண்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் கடுகளவு சிப்பு இருக்கும். அது தனியாக எரிந்தால் நீலமாக எரியும். சிலிகோன் ஜெல்லில் பொடியைக் கலந்து, காற்றுக் குமிழை எடுத்துவிட்டு, ஊசியால் சிப்பின் மேல் சொட்டு வைத்து ஓவனில் வைப்போம். அப்புறம் எரியவிட்டால் கொஞ்சம் நீலம் அப்படியே வரும், மிச்சத்தைப் பொடி வாங்கி மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றித் தரும். எல்லாம் கலந்து வெள்ளையாகத் தெரியும். மஞ்சள் பொடிக்குள் சீரியம் ஒரு சிட்டிகை, ஆரஞ்சுக்குள் யூரோப்பியம் ஒரு சிட்டிகை இருக்கிறதாம். அந்தச் சிட்டிகை இல்லையென்றால் பொடி ஒளிராது என்பார் குமார் சார். ஆரஞ்சு கூடக் கூட வெளிச்சம் இதமாகும். அதுதான் வார்ம் ஒயிட்.

ரொம்பக் கூடிப்போனால் ரிஜெக்ட். அதிலும் பல்ப்பு செய்வார்கள், கேட்டு வாங்கிப்போக ஆள் உண்டு. பஸ் ஸ்டாண்டில் ஒரு பழக்கடைக்காரர், அந்தப் பல்ப்பின் கீழே காய் மாங்காயைக்கூடப் பழமாகக் காட்டிவிடுவார். நானும் இரண்டு பல்ப்பு கேட்டு வாங்கி வீட்டில் மாட்டினேன். சாயங்காலமானால் வீடே பொன்னாக இருக்கும். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் நான் கலந்த பொடி என்று சொல்லாமல் விட்டதில்லை.

ஸ்டெல்லா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை, என் மாமியார் ஜாடை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் காற்று படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, பகலிலும் பல்ப்பைப் போட்டு வைத்தேன். மறுநாள் ஸ்டெல்லா கூப்பிட்டாள்.

"எம்மா, புள்ள மஞ்சளா கீது பாரு."

"அது நம்ம பல்ப்புடி. ஆரஞ்சு ஜாஸ்தி. உன் மூஞ்சிகூட மஞ்சளாதான் கீது."

பொய் சொல்லவில்லை. அவள் முகமும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. அடுத்த நாள் அவள் மறுபடி சொன்னாள். கண்ணின் வெள்ளைகூட மஞ்சளாக இருக்கிறது, பால் குடிக்காமல் தூங்கிக்கினே கிடக்கிறது, நர்ஸைக் கூப்பிடு என்றாள். ஆறு வருஷமாக வெளிச்சம் கலக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா என்று சிரித்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினேன்.

நான் செருப்பு மாட்டும்போதே ஊர் நர்ஸம்மா வாசலில் வந்து நின்றார். ஸ்டெல்லா எனக்குத் தெரியாமல் போன் போட்டிருந்தாள். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக வெளியே வெயில் வெளிச்சத்துக்கு வந்தார். நெற்றியில் விரலை அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடம் மஞ்சள். நெஞ்சில் அழுத்தினார், அங்கேயும் மஞ்சள். வெளியில் என் பல்ப்பு இல்லை.

"இன்னாமா, ரெண்டு நாளா வூட்ல யாரும் பாக்கலியா?"

ஸ்டெல்லா பார்த்தாள், நான்தான் விடவில்லை. மாட்டின செருப்போடு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆட்டோவில் கள்ளக்குறிச்சிக்குப் போகிற வழியெல்லாம் ஸ்டெல்லா என்னோடு பேசவில்லை. நான் ஜெபம் பண்ணிக்கினே போனேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, காமாலை கூடியிருக்கிறது, இப்போதாவது கொண்டுவந்தீர்களே என்றார்கள். கண்ணைக் கட்டி ஒரு பெட்டியில் படுக்கவைத்து மேலே விளக்கைப் போட்டார்கள். பார்த்தால் நீலம், நம்ம சிப்பின் நீலமே.

அங்கிருந்த நர்ஸிடம், "இதுக்குப் பொடி போட மறந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டேன். இன்னா பொடி என்றார். என் வேலையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீலம்தாம்மா மருந்து. உங்க பொடியப் போட்டா நீலம் கம்மியாப் பூடும், புள்ளைக்கு ஆவாது" என்றார்.

இரண்டு நாள் அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பொடி போடாத சிப்பை அரைகுறை வேலை என்றே அதுவரை நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் குழந்தை பசியில் வீறிட்டு அழுதது. வார்டே திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லா அப்போதுதான் என்னைப் பார்த்துப் பேசினாள், தண்ணி வேணும் என்றாள். ஓடிப்போய்க் கொண்டுவந்தேன்.

புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். நம் சரக்கின் குறை நமக்கு நன்றாகத் தெரியும். தெரிகிறதே என்பதற்காகப் பார்க்கிற குறையை எல்லாம் அதன் தலையில் போட்டுவிடக் கூடாது.

பேத்தி இப்போது வீடு முழுக்கத் தவழ்கிறாள். நான் அடித்துப் பேசுகிறபோதெல்லாம் ஸ்டெல்லா, "பல்ப்பு மாதிரியா சொல்ற?" என்று கேட்பாள். நான் எழுந்து போய், சொன்னது சரிதானா என்று ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வருவேன்.