டேங்க்கில் பறந்த பறவை

இன்று வில்லியனூர் ஸ்டிக்கர் கடையில் எங்கள் பழைய மோட்டார் சைக்கிளின் டேங்க்கில் புதிதாக ஒரு பறவை ஒட்டினோம்.

"வெயில்ல நிறுத்தாதீங்கண்ணே. சூடு பட்டா ஓரமெல்லாம் பேந்து வந்துடும்" என்றார் கடைக்காரர்.

என் கணவர் ஏதோ முதல் முறையாகக் கேட்பவர் போலத் தலையாட்டினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எண்பதுகளில் கிருமாம்பாக்கத்திலிருந்து மடுகரைக்கு, என்னைப் பெண் பார்க்க, இதே வண்டியில்தான் வந்தார். வெயில் படக்கூடாதென்று அன்று காலை அதை வெல்லம் காய்ச்சும் கொட்டகை நிழலில் நிறுத்தியிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிவதை யோசிக்கவில்லை. அந்தச் சூட்டில், டேங்க்கில் அப்போது ஒட்டியிருந்த பறவையின் இறக்கை சுருண்டுவிட்டது. நேரமாகிவிட்டதால் வெல்லப்பாகைத் தொட்டு ஒட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

உள்ளே பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தேன். இறக்கையின் விளிம்பு நெடுக எறும்புகள். அந்த வெயிலில் அவை ஊர ஊர, பறவை மெல்லச் சிறகசைத்தது. எங்கே பறந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாடி, மாப்ளைய பாக்காம வண்டிய பாக்குற?" என்றாள் சித்தி.

பாகு விஷயம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்று மதியம் வண்டி வேப்பமர நிழலில் பத்திரமாக நின்றது. புதுப் பறவை அசையவே இல்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கொஞ்சம் வெல்லத்தைக் கரைத்து இறக்கை ஓரத்தில் தடவிவிட்டு வந்தேன்.

இப்போது வாசலில் அவர் குரல்: "இன்னா ஸ்டிக்கர் ஒட்னான் அவன்? ஒரே எறும்பு!"

வெல்லம் கரைத்த கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். நீங்களும் கமெண்டில் உளறிவைக்காதீர்கள். அவரும் இதெல்லாம் படிப்பார்.