வாசல் வரை பார்த்த கோயில்கள்

செம்பூரில் எங்கள் காலனியில் என் அளவுக்கு க்ஷேத்திராடனம் போனவர்கள் கிடையாது. காசி இரண்டு தடவை, ராமேஸ்வரம் நான்கு தடவை, திரயம்பகம், பண்டரிபுரம், உஜ்ஜயினி, ஹரித்வார், திருவண்ணாமலை என்று நான் அடுக்க ஆரம்பித்தால் கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். "மாமி கொடுத்து வெச்சவா" என்று கீழ்வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். ஒரு நாள் மாதுங்காவில் பஜனை முடிந்து சுண்டலுக்கு நிற்கும்போது, "ராமேஸ்வரத்துல அந்தப் பிராகாரம் எப்படி இருக்கும் மாமி? ஆயிரம் தூணுக்கு மேல இருக்காமே?" என்று கேட்டாள். "நீளமா இருக்கும்" என்றேன். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான்கு தடவை போயும் அந்தப் பிராகாரத்தில் நான் கால் வைத்ததில்லை.

உள்ளே இவர் போவார். சந்நிதியில் அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பிராகாரத்தில் உட்கார்ந்திருப்பவர்களையும் படுத்திருப்பவர்களையும் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று சுற்றி வருவார். நான் வெளியே. கோபுர வாசல், குளத்துப் படிக்கட்டு, அன்னதான வரிசை, செருப்பு விடும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் சந்து எல்லாம் என் பொறுப்பு. தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், காவி கட்டியவர்கள், தாடிக்காரர்கள், போர்வைக்குள் சுருண்டவர்கள் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பேன். எங்கள் பிள்ளை அதில் இருக்கிறானா என்று. நாங்கள் போன யாத்திரை அத்தனையும் இதற்குத்தான்.

அவன் வீட்டை விட்டுப் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. அப்போது இருபத்துநாலு வயது. இன்ஜினீயரிங் முடித்து பவாயில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில்தான் இருந்தான். இரண்டாவது வருஷம் திடீரென்று ஆபீஸ் போவதை நிறுத்தினான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். யாரோ பேசுவது கேட்கிறது என்பான். டாக்டரிடம் அழைத்துப் போனோம். மாத்திரை சாப்பிட்டால் இரண்டு மாதம் சிரித்துப் பேசிக்கொண்டு இருப்பான். சரியாகிவிட்டதே என்று அவனே நிறுத்திவிடுவான். மறுபடி சுவர்.

அன்றைக்கு மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது. நாலு மாதமாக அவன் தலையில் கத்தரிக்கோல் படவில்லை. "கீழ போய் முடியை வெட்டிண்டு வாடா. பிச்சைக்காரன் மாதிரி இருக்கே" என்றேன். நூறு ரூபாயைக் கையில் திணித்தேன். "சரிம்மா" என்றான். சலூன் எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே இருந்தது. அங்கே அவன் போகவே இல்லை. நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். இவர் அப்போது ஆபீசில் இருந்தார். நான் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

போலீஸ், ஆஸ்பத்திரி, பேப்பரில் விளம்பரம், குர்லா முதல் கல்யாண் வரை ஸ்டேஷன் ஸ்டேஷனாக நோட்டீஸ் என்று எல்லாம் செய்து ஓய்ந்த பிறகு, ஐந்தாவது மாதம் இட்லிக்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் இட்லி அண்டாவோடு எங்கள் காலனிக்கு வருகிறவர். திருநெல்வேலிப் பக்கம். நாசிக்கில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனவர் அப்படியே திரயம்பகம் போயிருக்கிறார்.

"மாமி, கோயில் வாசல்ல ஒருத்தன் உக்காந்திருந்தான். தாடியும் முடியுமா. அவனேதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், பாத்துக்கிடுங்க. ஆனா அச்சு அசல் நம்ம தம்பி முகம். நான் இட்லிக்காரன்லா, என்னத் தெரியலையான்னு கேட்டேன். சிரிச்சான். நான் ஒரு டீ வாங்கிட்டு வாரதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டான்."

அன்றைக்கே கிளம்பினோம். மூன்று நாள் திரயம்பகத்தில் இருந்தோம். அவன் அங்கே இல்லை. ஆனால் அந்த வாசலில் உட்கார்ந்திருந்த இன்னொரு ஆள், "அந்தப் பையனா? பண்டரிபுரம் போகிற கூட்டத்தோடு போனான்" என்று ஹிந்தியில் சொன்னார். உண்மையோ, பத்து ரூபாய்க்காகச் சொன்னாரோ. பண்டரிபுரம் போனோம். அங்கே ஒருவர் காசி என்றார். அப்படியே எங்கள் வாழ்க்கை வாசல் வாசலாகப் போயிற்று.

ஒவ்வொரு ஊரிலும் கோயில் ஆபீஸ், போலீஸ் சௌக்கி, மடம், சத்திரம் என்று ஏறி இறங்குவேன். எங்கே போனாலும் அதே கேள்விதான். நாம்? பாப் கா நாம்? உமர்? நானும் நிறுத்தாமல் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். பேர், அப்பா பேர், வயசு, உயரம், வலது புருவத்துக்கு மேல் தழும்பு. அவர்கள் எழுதிக்கொள்வார்கள், சில பேர் எழுதிக்கொள்வதுபோல் பேனாவை அசைப்பார்கள். போட்டோ காட்டுவேன். ஒரு தடவை பண்டரிபுரத்தில் ஒரு கான்ஸ்டபிள், என் மகன் வயதுதான் இருக்கும், போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாஜி, யே கித்னா புரானா ஹை?" என்று கேட்டான். பத்து வருஷத்துப் பழசு என்று சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. நான் இருபத்துநாலு வயதுப் பையனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு முப்பத்துநாலு ஆகிவிட்டிருந்தது. முன் தலை வழுக்கை விழுந்திருக்கலாம், பல் போயிருக்கலாம். எத்தனை வாசலில் அவனைப் பார்த்தும் தெரியாமல் தாண்டிப் போயிருப்பேனோ என்று அன்று லாட்ஜில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

எல்லோராவுக்கும் போயிருக்கிறோம். பக்கத்திலேயே ஜோதிர்லிங்கக் கோயில் இருப்பதால். அங்கே பார்க்க வேண்டிய வாசல்களை எல்லாம் பார்த்துவிட்ட பிறகு, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அந்தக் கைலாசநாதரை ஒரு தரம் பாத்துட்டுப் போலாமே. முழுசா ஒரே மலையைக் குடைஞ்சதாம்" என்றார் இவர், தயங்கித் தயங்கி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க டூர் வந்திருக்கேளா?" என்று கத்தினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போய் பஸ்ஸுக்கு நின்றார். இப்போது நினைத்தால், பாவம், அவருக்கும் ஒரு பத்து நிமிஷம் வேறு எதையாவது பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கும். அவனுக்கு அவரும்தானே அப்பா.

போன வருஷம் இவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மாதுங்கா வாத்தியார் பார்க்க வந்தார். எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் செய்து வைக்கிறவர். காபியைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "போய்ப் பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. தகவலே இல்லேன்னா சாஸ்திரத்துல வழி இருக்கு, மாமி. கயாவுல ஒரு பிண்டம் வெச்சுட்டா அவனுக்கும் ஒரு கதி. நாளைக்கு மாமாவுக்கு முடியலேன்னா, அவனுக்குன்னு யார் இருக்கா செய்ய?"

காபி டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்காத குறைதான். "உயிரோட இருக்கறவனுக்குப் பிண்டம் வெக்கச் சொல்றேளா?" என்றேன். வாத்தியார் எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் நானும் இவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு இவரே, "நான் எங்க அப்பா அம்மாவுக்காகத்தான் கயா போகணும்ங்கறேன். உடம்பு இருக்கறச்சே செஞ்சுடணும்" என்றார். அதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "அவன் பேர் அங்க வரப்படாது" என்றேன். "வராது" என்றார். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

கயாவில் தமிழ் பேசும் சாஸ்திரிகள் ஒருவர் வீட்டில் தங்கினோம். அங்கே பிண்டத்துக்கு அன்னம் வடிப்பது வீட்டுப் பெண்களின் வேலை. ஈரப் புடவையோடு கரி அடுப்பில் சாதம் வடித்து, எள்ளைக் கலந்து, சூடு பொறுக்காமல் ஊதி ஊதி உருட்டினேன். அறுபத்துநாலு பிடிக்கச் சொன்னார் சாஸ்திரிகள். முடித்தபோது பாத்திரத்தில் இன்னும் ஒரு பிடி சாதம் இருந்தது. "அதையும் உருட்டிடுங்கோ மாமி, இருக்கட்டும்" என்றார். உருட்டி வைத்தேன். சாதத்தை வீணாக்கக் கூடாது என்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பல்குனி நதியில் தண்ணீர் இல்லை, மணல்தான். விஷ்ணுபாதம் கோயிலுக்குள் அன்றைக்கு நான் போனேன். பாத்திரம் தூக்க ஆள் வேண்டுமே. இத்தனை வருஷத்தில் நான் உள்ளே போன முதல் கோயில் அது. பாறையில் பாதம் இருந்தது, அதன் மேல் துளசியும் பாலும் இருந்தன. எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். மனதில் ஒன்றும் தோன்றவில்லை.

அட்சய வடம் என்கிற ஆலமரத்தின் அடியில்தான் பிண்டம். சாஸ்திரிகள் போனில் மாதுங்கா வாத்தியார் அனுப்பிய பட்டியலைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, இவர் ஒவ்வொன்றாக வைத்தார். தாய்க்கு மட்டும் தனியாகப் பதினாறு உண்டு. வயிற்றில் சுமந்ததற்கு ஒன்று, பிரசவ வலிக்கு ஒன்று, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று தூங்காமல் கிடந்த ராத்திரிகளுக்கு ஒன்று என்று சாஸ்திரிகள் தமிழில் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார். எழுபத்திரண்டு வயது மனுஷர் தன் அம்மாவை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. இதை எனக்கு உட்கார்ந்து செய்ய வேண்டியவன் எங்கே என்று நினைத்து வந்த அழுகை அது.

பிறகு சித்தப்பா, அத்தை, மாமா, குரு, சிநேகிதர் என்று பட்டியல் போயிற்று. இலையில் ஒன்றே ஒன்று மிச்சம். "அடுத்தது புத்திரன்" என்றார் சாஸ்திரிகள்.

இவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. இலையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. என் கையாலேயே உருட்ட வைத்துவிட்டார்களே என்று வயிறு எரிந்தது. சாஸ்திரிகள், "கோத்ரம் அதேதான். பேர் சொல்லுங்கோ" என்றார். இவர் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உருண்டையை இறுக்கிப் பிடித்தார். எள்ளும் சாதமும் விரல் இடுக்கில் உதிர்ந்தன. எங்களுக்குப் பின்னால் அடுத்த குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. சாஸ்திரிகள் என் பக்கம் திரும்பி, "மாமி, பையன் பேர்?" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. பதின்மூன்று வருஷமாக யார் கேட்டாலும் சொல்லிப் பழகிய வாய். பேரோடும் நிற்கவில்லை. அப்பா பேர், வயசு, உயரம், வலது புருவத்துக்கு மேல் தழும்பு என்று அது தன்பாட்டில் போய்க்கொண்டே இருந்தது. சாஸ்திரிகள் கையை உயர்த்தி, "பேர் போதும், மாமி" என்றார்.

நிறுத்துங்கள் என்று அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரியாமல் சொல்லிவிட்டேன், அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. அவன் பேரை அவர் மந்திரத்தோடு சேர்த்துச் சொல்ல, இவர் உருண்டையைக் கீழே வைத்தார். எள்ளும் தண்ணீரும் விட்டார். முடிந்தது.

வெளியே வரும்போது வழக்கம்போல் வழி நெடுகத் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாடிக்காரர்கள், போர்வைக்காரர்கள், முப்பது நாற்பது பேர் இருக்கும். இவர் இத்தனை வருஷப் பழக்கத்தில் நடையை மெதுவாக்கி, நான் பார்த்து முடிப்பதற்காக நின்றார். நான் நிற்கவில்லை. புடவைத் தலைப்பை முகத்துக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மண்ணைப் பார்த்தபடி ஓட்டமும் நடையுமாக அந்த வரிசையைத் தாண்டினேன். அவன் அதில் இருந்துவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது.